நகுசா: பெயரிடுதலின் அறம் குறித்த ஓர் ஆய்வு

ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளாமல் வாழ்நாள் முழுவதும் உடன்கொண்டு செல்பவை பல. உடல், குலம், தாய்மொழி ஆகியன அவ்வாறு வந்து சேர்வன. பெயரும் அவ்வாறே வருவது; எனினும் மற்றவற்றினின்றும் அது வேறுபட்டது. உடலையோ தாய்மொழியையோ பெற்றோர் எண்ணித் துணிந்து தருவதில்லை. பெயரை அவ்வாறு தருகின்றனர். எண்ணித் துணிந்து செய்யப்படும் செயல் எதற்கும் அறப்பொறுப்பு உண்டு என்றால், பெயரிடுதலுக்கும் அது உண்டு. அப்பொறுப்பின் எல்லை யாது என்பதை அழகும் மங்கலமும் பொருந்திய பெயர்களைக் கொண்டு ஆராய்வதில் பயனில்லை. அங்கே வினாவே எழுவதில்லை. மராட்டிய நாட்டுப்புறத்தில் பெண்களுக்கு மட்டுமே இடப்பட்டுவந்த நகுசா என்னும் பெயர் அவ்வினாவை நேராக எழுப்புவது. அப்பெயரின் தோற்றம், அது பரவியமைக்கான காரணம், அதனை மாற்றுதலின் நேர்மை ஆகியவற்றை அறவியல் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரின் பிறப்பு

மராட்டியில் 'நகோ' என்பது வேண்டா என மறுக்கும் சொல். ஐதராபாத்திலும் தமிழகத்திலும் தக்கினி உருது பேசுவோர் வாயில் நாள்தோறும் 'நக்கோ' என வழங்குவதும் இதுவே. இதன் அடியாகப் பிறந்த பெயரடை நகோசா. வேண்டப்படாதது என்பது அதன் பொருள். பெண்பால் வடிவம் நகோஷி. சாத்தாரா முதலிய மாவட்டங்களின் பதிவேடுகளில் இப்பெயர் நகுசா என்றும் நகோஷி என்றும் காணப்படுகிறது. முதற்பெண்ணுக்கு இப்பெயரை இடுவாரில்லை. இரண்டாவதோ மூன்றாவதோ நான்காவதோ பெண்ணாகப் பிறந்த நிலையில், இனியேனும் ஆண் பிறக்க வேண்டும் என்னும் வேண்டுதலாக அது இடப்பட்டது.

இவ்வழக்கம் மராட்டியத்துக்கு மட்டும் உரியதன்று. வங்கத்தில் 'இனி வேண்டாம், காளி' எனத் தேவியை விளித்து முறையிடும் ஆன்னாகாளி என்னும் பெயரும், வேண்டேன் எனப் பொருள்படும் சாய்னா என்னும் பெயரும் உண்டு. இராசத்தானத்தில் வயிறு நிறைந்து தெவிட்டியதைக் குறிக்கும் தாபூ என்பதும், அரியானாவில் மிகுதியைக் குறிக்கும் பதேரி என்பதும் பெண்பெயர்களாயின. தமிழகத்தில் மதுரை, தேனி வட்டாரங்களில் போதும்பொண்ணு என்னும் பெயர் நன்கு அறியப்பட்டது. திருத்தணிப் பகுதியில் வேண்டாம் என்பதே பெயராக இடப்படுவதை அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்கள் வெளிக்கொணர்ந்தன. மொழிக்குடும்பம், சாதி, தெய்வம் ஆகியவற்றால் வேறுபட்ட சமூகங்கள் ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே பெயரைத் தத்தம் மொழியில் கண்டடைந்துள்ளன என்பது வியப்புக்குரியது.

இவ்வழக்கத்துக்குச் சாத்திரத்தின் துணையும் இல்லை. நால்வருணத்தாருக்கும் ஏற்றத்தாழ்வான பெயர்களை விதித்து, சூத்திரனுக்கு இழிவு தோன்றும் பெயரையே வகுத்த மனுநூல், பெண்ணின் பெயர் எளிதில் ஒலிக்கத்தக்கதாய், கொடுமை இல்லாததாய், மனத்துக்கு இனியதாய், வாழ்த்துப் பொருந்தியதாய் இருக்க வேண்டும் என்கிறது. பெண்ணுக்கு உரிமை பல மறுத்த நூலே மறுக்காத ஒன்றை வழக்கம் மறுத்துவிட்டது.

முற்றுச்சொல் பெயராதல்

பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது என்பது தமிழ் இலக்கண மரபு. மக்கட்பெயர்கள் பெரும்பாலும் இவ்விலக்கணத்துக்கு இயைந்தவை. போதும், வேண்டாம் என்பன அவ்வாறானவை அல்ல. அவை முற்றுச்சொற்கள், ஒரு கூற்றை முடித்துவைப்பவை. ஆன்னாகாளியோ முழுத் தொடரே ஆகும். மற்றப் பெயர்கள் ஒருவரை அழைக்கின்றன. இப்பெயர்கள் ஒரு செய்தியைச் சொல்லி முடித்துவிட்டு, அதன் பிறகே அழைக்கின்றன. விளிவேற்றுமையில் இம்முரண் வெளிப்படையாகத் தெரியும். "வேண்டாம், சாப்பிட வா" என ஒரு தாய் அழைக்கும்போது மறுத்தலும் அழைத்தலும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. அத்தாய் மறுத்தலை உணர்வதில்லை, அழைத்தலையே உணர்கிறாள். மகளும் பல நாள் அவ்வாறே உணரக்கூடும். ஆனால் கடையில் ஒருவர் 'வேண்டாம்' என்று ஒரு பண்டத்தை ஒதுக்கும்போது திரும்பிப் பார்ப்பவள் அவள் ஒருத்தியே.

பெயருக்குப் பொருள் உண்டா என்னும் மெய்யியல் வினா இங்கே வெறும் ஏட்டுவினாவாக நிற்பதில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்கநூலில், இயற்பெயர் ஒரு பொருளைச் சுட்டுமே ஒழிய அதன் பண்பு எதனையும் உணர்த்தாது என்றார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்தமையால் ஓர் ஊர் டார்ட்மத் எனப் பெயர் பெற்றது; ஆறு திசைமாறினாலும் ஊர்ப்பெயர் மாறவேண்டியதில்லை என்பது அவர் காட்டிய சான்று. இக்கொள்கையை ஏற்றால் நகுசா என்பதில் குற்றம் ஏதுமில்லை என்றாகிவிடும். அது ஒரு சுட்டு, அவ்வளவே. பெயரிட்ட குடும்பத்தார் கூறும் அமைதியும் ஏறத்தாழ இதுவே: பெயரில் என்ன இருக்கிறது, பிள்ளையை வளர்க்கவில்லையா என்பர்.

தமிழ் இலக்கணத்தார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாடு இவ்விடத்தில் மில்லின் கொள்கையைக் காட்டிலும் கூர்மையான கருவியாகப் பயன்படுகிறது. நன்னூலும் அதன் உரைமரபும் பெயர்களை இவ்வாறு பகுத்ததோடு, காரணம் இருந்தும் இடுகுறித் தன்மை பெறுவனவற்றைக் காரணவிடுகுறி எனத் தனித்துக் கண்டன. ஒரு பெயர் எந்நிலையிலும் ஒரே வகையில் அடங்கி நிற்க வேண்டியதில்லை என்பது இதனால் பெறப்படுகிறது. நகுசா என்பது இடுபவர்க்குக் காரணப்பெயர். அக்காரணம் இல்லாவிடில் அவர் அதனை இட்டிரார். நாள்தோறும் வழங்கும் அயலார்க்கு அது இடுகுறி. அவர் காரணத்தை எண்ணுவதில்லை. ஏற்றவளுக்கோ அது இரண்டுக்கும் இடையே ஊசலாடுவது. சிறுபருவத்தில் இடுகுறியாக இருந்தது, பொருள் தெரிந்த ஒரு நாளில் காரணப்பெயராக மாறுகிறது. மில்லின் கொள்கை அயலார் நிலையை மட்டும் விளக்குகிறது. அறவியலுக்கு வேண்டுவது ஏற்றவள் நிலை.

சாவுக்குச் சொன்ன பொய்

இழிபொருள் தரும் பெயர்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. குப்பன், குப்பாயி, பிச்சை, பிச்சையம்மாள் என்னும் பெயர்கள் தமிழகத்தில் மிகப் பரவலானவை. முன் பிறந்த குழந்தைகள் இறந்துபட்ட வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்தும், தவிட்டுக்கு விற்று வாங்கியும் இத்தகைய பெயர்களை இட்டனர். வடபுலத்தில் ஆண்மகவுக்கு மூக்குக் குத்தி நத்து என்றும், மூன்று சோழிக்கு வாங்கியதாகப் பாவித்து வங்கத்தில் தீன்கௌடி என்றும் பெயரிட்டமை இதனோடு ஒத்தது. இக்குழந்தை மதிப்பற்றது எனச் சாவை ஏமாற்றுவதே இவற்றின் நோக்கம். சொல் இழிந்தது, நெஞ்சம் அன்பு நிறைந்தது. பொய்யே ஆயினும் குழந்தையைக் காப்பதற்குச் சொன்ன பொய் அது.

நகுசா இவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது உண்டு. அது பொருந்தாது. குப்பாயி என்பதில் சொல்லும் உள்ளமும் முரண்படுகின்றன. நகுசா என்பதில் அவை ஒன்றுபடுகின்றன. முன்னது இக்குழந்தை நிலைக்க வேண்டும் என்பதற்காக இட்டது. பின்னது இக்குழந்தைக்குப் பிறகு வரவேண்டிய வேறொரு குழந்தைக்காக இட்டது. ஒருத்தியின் பெயர் அவளைப் பற்றியதாகவே இல்லை; பிறவாத தம்பியைப் பற்றியதாக இருக்கிறது.

இங்கேதான் பெயரிடுதலின் குற்றம் எதில் உள்ளது என்பது தெளிவாகிறது. ஒரு வேண்டுதலை ஓலையில் எழுதிக் கோயிலில் சேர்ப்பது வழக்கம். இப்பெயரும் ஒரு வேண்டுதல், தெய்வத்துக்கு முகவரியிட்டது. ஓலையாகப் பயன்பட்டது குழந்தை. மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளாது, அவரையே குறிக்கோளாகக் கொண்டு நடத்த வேண்டும் என இம்மானுவேல் காண்ட் வகுத்த நெறி நினைக்கத்தக்கது. பெற்றோர் மகளுக்கு உணவும் உடையும் குறைவின்றித் தந்திருக்கலாம். பெயரிடும் அச்செயலில் மட்டும் அவள் பெறுநராக இல்லை, பொருளாகவும் இல்லை. எழுதப்படும் இடமாக இருந்தாள்.

இக்கருத்துக்குத் தடை ஒன்று உண்டு. கல்வியும் வசதியும் மிக்க குடும்பங்களில் கடைசிப் பெண்ணுக்குச் சம்பூர்ணம் என்றும் மங்களம் என்றும் பெயரிடும் வழக்கம் இருந்தது. கச்சேரியின் முடிவில் மங்களம் பாடுவது போல, பெண்மகவின் வரிசை இத்தோடு நிறைவுறுக என்பது உட்கருத்து. வேண்டுதல் ஒன்றே, முகவரியும் ஒன்றே. போதும்பொண்ணுவுக்கு நேர்ந்த தீங்கு சம்பூர்ணத்துக்கும் நேர்ந்ததா? மேற்கூறிய அளவுகோலின்படி நேர்ந்தது என்றே கொள்ள வேண்டும். ஆயினும் சம்பூர்ணம் தன் பெயரின் உட்கருத்தை அறியாமலே முதுமை எய்தக்கூடும். பிறர் அதனைக் கேட்டு நகைப்பதற்கும் இடமில்லை. வடசொல்லின் திரை அவளைக் காத்துவிடுகிறது. போதும்பொண்ணுவுக்கு அத்திரை இல்லை. எனவே இங்கு இரண்டு தீங்குகளைப் பிரித்தறிதல் வேண்டும்: கருவியாக்கப்படுதல் ஒன்று, அதனை நாள்தோறும் தன் காதாலேயே கேட்க நேர்தல் மற்றொன்று. முன்னது எல்லார்க்கும் பொது. பின்னது ஏழைக்கும் எழுத்தறியாதார்க்கும் மிகுதியாக வாய்த்தது. ஒரே விருப்பத்தை நாகரிகமாக மறைத்துச் சொல்லும் வசதியும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

பெயரிட்டவர் யார் என்பதும் எளிய வினாவன்று. மூன்றாவது பெண்ணைப் பெற்றவள் அவ்வீட்டில் ஏச்சுக்கு ஆளானவள். மகவின் பால் தந்தையின் உயிரணுவால் அமைவது என்னும் அறிவியல் உண்மை அவளைக் காக்கவில்லை. போதும் என்று தெய்வத்திடம் மன்றாடிய குரல் அவளுடையதாகவும் இருக்கலாம். அது மகள்மேல் வெறுப்பன்று, தன் உடல்மேல் இரக்கம். அவ்வாறு கொண்டால் பெயரில் பேசுபவளும் பெயரைச் சுமப்பவளும் ஒரே சுமையின் இரு பகுதிகளைத் தாங்கியவர்கள் ஆகின்றனர். இது பெயரிட்டவள்மேல் உள்ள குற்றத்தைக் குறைக்கிறது. பெயரின் குற்றத்தைக் குறைக்கவில்லை.

பரவியமைக்கான காரணம்

பயன் தராத நம்பிக்கை எங்ஙனம் தலைமுறைதோறும் நிலைபெற்றது? விடை எண்ணிக்கையில் உள்ளது. எத்தனை பெண்கள் முன்னர்ப் பிறந்திருப்பினும் அடுத்த மகவு ஆணாகும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. ஆகவே நகுசா எனப் பெயரிட்ட குடும்பங்களில் ஏறத்தாழப் பாதிக்கு அடுத்ததே ஆணாகப் பிறந்திருக்கும். அவர்கள் பெயரின் ஆற்றலைப் பிறர்க்கு எடுத்துரைப்பர். மீண்டும் பெண் பிறந்தவர் வேண்டுதலில் குறை கண்டு வேறொன்றை நாடுவர். பெயரின்மேல் பழி சொல்லார். அன்றியும் ஆண் பிறந்தவுடன் மகப்பேற்றை நிறுத்திக்கொள்வது வழக்கமாதலின், கடைசியாகச் செய்த பரிகாரம் எதுவோ அதுவே பலித்ததாகத் தோன்றும். பெயரின் செல்வாக்கு அதன் ஆற்றலால் வந்ததன்று. நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தால் வந்தது.

இவ்வழக்கத்தையே 2018 சனவரியில் வெளிவந்த இந்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை வேறொரு வகையில் அளந்தது. கடைசி மகவின் பால்விகிதத்தைக் கொண்டு, ஆண் வேண்டிக் காத்திருந்த குடும்பங்களில் பிறந்த, வேண்டப்படாத பெண்கள் 2.1 கோடியர் என அது மதிப்பிட்டது. மராட்டிய உழவர் இட்ட பெயரும் தில்லிப் பொருளியலார் ஆண்ட கலைச்சொல்லும் ஒன்றாக அமைந்தமை தற்செயலாயினும் கருதத்தக்கது. நகுசா என்னும் பெயர் உடையவர் சில ஆயிரவராக இருக்கலாம். அப்பெயர் இடப்படாமலே அந்நிலையில் பிறந்தவர் கோடிக்கணக்கினர்.

அதே அறிக்கை இந்தியாவில் காணாமற்போன பெண்களை 6.3 கோடி என மதிப்பிட்டது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால் நகுசா என்னும் பெயரின் வரலாறு வேறு பொருள் பெறுகிறது. தெய்வத்திடம் வேண்டுவது வேறு வழி அறியாதவர் செய்வது. கருவிலேயே பாலறியும் கருவி மாவட்ட நகரங்கள் வரை வந்தபின், வேண்டுதலுக்கு முன்னரே விடை கிடைத்தது. 1994இல் அதனைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பிறகும் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்களுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண்கள் எண்ணிக்கை 2001இல் 927 ஆகக் குறைந்தது. எனவே இப்பெயர் ஓர் ஊரில் அருகிவிட்டது என்பதைக் கொண்டே அங்கே பெண்மகவை விரும்பும் மனம் வளர்ந்தது என முடிவு செய்தல் கூடாது. பெயரிடுவதற்குக் குழந்தை பிறக்கவேயில்லை என்பதும் காரணமாகலாம். கசப்பான உண்மையே ஆயினும் சொல்லியாக வேண்டும்: நகுசா என்று பெயர் பெற்றவள் பிறக்கவும் வளரவும் விடப்பட்டவள். அப்பெயர் ஒரு மறுப்பின் சான்று. ஒரு வகையில், அம்மறுப்பு செயலாக முற்றாமல் சொல்லோடு நின்றதற்கும் சான்று.

பெயர்மாற்றமும் உரிமையும்

சாத்தாராவில் 2011 அக்டோபர் 22ஆம் நாள் நடைபெற்ற விழாவில் 285 சிறுமியர் இப்பெயரைத் துறந்து, தாமே விரும்பிய பெயரைச் சான்றிதழுடன் பெற்றனர். திரைநடிகையரின் பெயரை விரும்பியோரும், அழகும் நன்மையும் குறிக்கும் பெயரை விரும்பியோரும் அவர்களுள் இருந்தனர். அரசின் இச்செயல் பரவலாகப் பாராட்டப்பட்டது. அதன் அறத்தகுதியை ஆராயும்போது மூன்று எதிர்ப்புகள் எழக்கூடும்.

பெயரை மாற்றினால் அதனை இட்ட சமூகத்தின் குற்றச்சான்று மறைந்துவிடும் என்பது ஒன்று. இதனை ஏற்பதற்கில்லை. சான்றைக் காத்தல் ஆவணக்காப்பகத்தின் கடமையாகலாம். பத்து வயதுச் சிறுமியின் கடமையன்று. அவளை ஓலையாகப் பயன்படுத்தியது தவறு என்றால், ஆவணமாகப் பயன்படுத்துவதும் அவ்வாறே. பெயர் மாறினும் காரணம் மாறவில்லை என்பது மற்றொன்று. வரதட்சணை, ஆண்வழிச் சொத்துரிமை, முதுமையில் மகனையே சார்ந்திருக்கும் நிலை ஆகியன ஒரு நாள் விழாவால் மாறுவனவல்ல என்பது உண்மை. ஆனால் இது விழாவை நிறைவுச்செயலாகக் கருதுவோர்க்குச் சொல்லத்தக்க மறுப்பே அன்றி, பெயர்மாற்றத்துக்கு மறுப்பாகாது.

மூன்றாவது எதிர்ப்பு ஆழமானது. சால் கிரிப்கி 1970இல் நிகழ்த்திய பொழிவுகளில், பெயர் ஒருவரைச் சுட்டுவது அதன் பொருளால் அன்று. முதற்பெயரீட்டிலிருந்து வாய்மொழியாகத் தொடரும் வழக்குச் சங்கிலியால் என்றார். அவ்வாறாயின் நாற்பது ஆண்டுகளாக அப்பெயரில் வாழ்ந்து, உழுது, கடன்பெற்று அடைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருத்திக்கு அப்பெயர் முழுவதும் அவளுடைய செயல்களாலேயே நிரம்பியுள்ளது. இட்டவரின் கருத்து அதில் ஒரு துளியாக எஞ்சியிருக்கலாம். அவளிடம் சென்று உன் பெயர் இழிந்தது, மாற்றிக்கொள் என்பது இரண்டாம் முறை அவளைக் கேளாமல் பெயரிடுவதாகும். சிறுமிக்கு மாற்றம் விடுதலையாகலாம். முதியவளுக்கு அதுவே அவமதிப்பாகலாம். இரண்டிலும் நேர்மையைத் தீர்மானிப்பது புதுப்பெயரின் அழகன்று, தேர்ந்தவர் யார் என்பதே. சாத்தாரா விழாவின் சிறப்பு அரசு பெயர் தந்ததில் இல்லை. சிறுமியர் கேட்கப்பட்டதில் உள்ளது.

இதனை மராட்டிய மரபின் பின்னணியில் வைத்துக் காணுதல் வேண்டும். அங்கே பல குடும்பங்களில் திருமணத்தின்போது மணமகளின் பெயரையே மாற்றுவர். தட்டில் பரப்பிய அரிசியில் மணமகன் புதுப்பெயரை விரலாலோ மோதிரத்தாலோ எழுதுவான். அவ்வழக்கம் உள்ள குடும்பத்தில் புகுந்த நகுசா ஒருத்தி தன் பழைய பெயரைத் திருமணத்தோடு இழந்திருப்பாள். ஆகவே பெண்ணின் பெயர் மாற்றத்தக்கதன்று என்னும் தடை அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. முதலில் தெய்வத்தை நோக்கி ஒருவர் பெயரிட்டார். பின்னர்த் தன் குடும்பத்தை நோக்கி வேறொருவர் பெயரிட்டார். இரு முறையும் அவள் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும் எனக் கருதியவர் இல்லை.

தமிழகத்தில் வயதுவந்தோர் அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். போதும்பொண்ணு என்னும் பெயருடையாருள் அவ்வாறு மாற்றிக்கொள்ளாமல் வாக்காளர் பட்டியலிலும் நிலப்பத்திரத்திலும் அதே பெயரைத் தொடர்வோர் உளர். வறுமையோ அலுவலக அலைச்சலோ காரணமாகலாம்; மாற்ற வேண்டும் என்று தோன்றாமையும் காரணமாகலாம். பள்ளி வருகைப்பதிவில் ஆசிரியர் 'போதும்பொண்ணு' என்று அழைக்கும்போதெல்லாம், அவர்கள் ஆண்டுக்கணக்கில் 'உள்ளேன் ஐயா' என்று விடையிறுத்து வந்தவர்கள்.